பை கேட்கும் ஊர்

"யக்கா, சிரிச்சிகினே கிட்ட வர்றவன மட்டும் நம்பாத. இன்னாத்துக்கு சிரிக்கிறான்னு தெரிஞ்சிகினு அப்பால பேசு."

பாங்காக் போகிறேன் என்று சொன்னதற்கு, ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் ஷேர் ஆட்டோ ஓட்டும் அண்ணன் எனக்குத் தந்த ஆசீர்வாதம் இது. அவர் மாம்பலத்தைத் தாண்டிப் போனவரில்லை. ஆனாலும் சொன்ன விதத்தில் ஊர் உலகமெல்லாம் ஏமாந்து திரும்பியவரின் அழுத்தம் இருந்தது. அப்படியே மனசில் முடிந்துகொண்டேன். எனக்கு அது பழக்கம். வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிறவள் நான். மாவுக்குப் பாத்திரத்தை நீட்டுகிறவர்கள் கூடவே ஒரு வார்த்தையும் போட்டுவிட்டுப் போவார்கள். அதையெல்லாம் சேர்த்து வைத்ததுதான் நான் படித்த படிப்பு.

சிக்கல் என்னவென்றால், இந்த ஊரில் எல்லோரும் சிரிக்கிறார்கள். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தியவர் சிரித்தார். விமான நிலையத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த பெண்மணி துடைப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். ரயிலில் எனக்கு இடம் கொடுத்து எழுந்த கல்லூரிப் பெண், இடத்தையும் கொடுத்துவிட்டுச் சிரிப்பையும் கொடுத்தாள். தாம்பரத்திலிருந்து பீச் போகும் மின்சார ரயிலில் ஒருத்தி எழுந்து இடம் கொடுத்தால், ஒன்று அவள் இறங்குகிறாள், அல்லது அந்த இருக்கையில் ஏதோ ஈரம் இருக்கிறது. நான் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

"அவ நல்லாத்தானே குடுத்தா? என்னத்த தடவிப் பாக்குற?" என்றார் மல்லிகா அண்ணி.

மல்லிகா அண்ணி என் வீட்டுக்காரருக்கு அக்கா. எனக்கு நாத்தனார். சேலையூரில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மலிவாக டிக்கெட் கிடைத்ததும் அவருடைய மகள், அம்மாவுக்கு மட்டும் ஒரு டிக்கெட் போதும் என்றாள். "எனக்கு ஊசி போடுற உடம்பு, கூட ஒரு ஆள் வேணும்" என்று இவர் என்னைக் கேட்டார். கேட்டபோது எனக்கே சந்தேகம்தான். முப்பது வருஷமாக என் சாம்பாரில் உப்பு குறை என்று சொல்லிவந்தவர், எதற்காக என்னைக் கேட்கிறார்?

தங்கிய இடம் ஒரு சந்துக்குள் இருந்த சின்ன விடுதி. வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கோயில் வாசலில் ஒரு செருப்பை இந்த ஓரமும் இன்னொன்றை அந்த ஓரமும் விட்டுப் பழகிய ஊர்க்காரி நான். ஜோடியாக இருந்தால்தானே எடுப்பான்? அப்படியே விட்டேன். விடுதிக்கார அம்மாள் அதைப் பார்த்தார். என் ஒற்றைச் செருப்பைத் தேடி எடுத்துவந்து, மற்றதோடு சேர்த்து, செருப்புத் தட்டில் அழகாக அடுக்கினார். பிறகு இரண்டு கையையும் கூப்பிச் சிரித்தார். நம்ம வணக்கம்தான், ஆனால் இன்னும் கொஞ்சம் குனிந்து. அறையின் கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் இருந்ததைப் பார்த்த பிறகுதான் அந்த அம்மாள் மேல் எனக்குப் பாதி நம்பிக்கை வந்தது.

குளித்துவிட்டுக் கிளம்பினோம். ஊருக்கு நடுவே ஒரு குன்றும், அதன்மேல் தங்கக் கூம்பு வைத்த கோயிலும் இருக்கிறது. கால்வாய்ப் படகில் போனால் மலிவு என்று அண்ணியின் மகள் சொல்லி அனுப்பியிருந்தாள். காலைச் சாப்பாட்டைப் படகுத்துறையில் வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் தடவிய இட்லி ஒரு டப்பா நிறைய என் பையில் இருந்தது. அதே பையில் இரண்டு பேருடைய பாஸ்போர்ட், போன், அண்ணியின் இன்சுலின் ஊசி, சர்க்கரை திடீரென்று இறங்கினால் வாயில் போட மிட்டாய். பையைத் தோளில் குறுக்காக மாட்டி, வயிற்றின்மேல் இழுத்து, முந்தானையால் மூடியிருந்தேன். பார்ப்பவர்களுக்கு ஏழாம் மாதம் மாதிரி தெரிந்திருக்கும்.

சந்து முனையில் ஒரு மரத்தடி மாடம். உள்ளே சின்னச் சாமி வீடு; முன்னால் சிவப்புச் சோடா பாட்டில், அதில் ஒரு ஸ்ட்ரா. சாமி உறிஞ்சிக் குடிக்க வசதி. அதை ரசித்துக்கொண்டு நின்றபோதுதான் அந்த வார்த்தை முதல் தடவையாகக் காதில் விழுந்தது. மாடத்துக்குப் பக்கத்தில் ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்டு மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருந்த ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "பை நை? பை நை?" என்றார்.

என் கை தானாகப் பையை இறுக்கியது. "அண்ணி, வேகமா வாங்க. பையைக் கேக்குறான்."

"எவன்?"

"ஆரஞ்சு சட்டை."

"தமிழ்லயா கேட்டான்?"

"தமிழ்லதான். ரெண்டு தடவ கேட்டான்."

"உனக்குத் தூக்கம் பத்தல சாந்தி."

ஆனால் பத்தடி தள்ளி நூடுல்ஸ் வண்டிக்காரி, தன்னைக் கடந்துபோன இன்னொருத்தியைப் பார்த்து அதையே சொன்னாள்: "பை நை?" அந்தப் பெண்ணும் தோளில் பை மாட்டியிருந்தாள். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஊர் முழுக்க ஒரே கூட்டம். எல்லோருக்கும் பை வேண்டும்.

"அப்படி பயமா இருந்தா பையை என்கிட்ட குடேன். நான் சுவத்துப் பக்கமா நடக்குறேன்" என்றார் அண்ணி.

"நீங்க கேம்ப் ரோட்டுல ஷேர் ஆட்டோல டிபன் கேரியரை விட்டுட்டு எறங்கினவங்க. வேணாம்."

அண்ணியின் முகம் சிறுத்துப்போனது. நான் பார்க்காத மாதிரி நடந்தேன்.

படகுத்துறை என்றால் ஒரு மரத்தளம், ஒரு பெஞ்சு, தலைக்கு மேல் தகரம். கால்வாய்த் தண்ணீர் நம்ம ஊர்க் கால்வாயின் ஒன்றுவிட்ட தங்கை. வாசனையில் ஜாடை தெரிந்தது. அண்ணி சுவர்ப் பக்கம் திரும்பி, புடவை மறைவில் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டார். போட்டால் சீக்கிரம் சாப்பிட்டாக வேண்டும். தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கி ஆள் சாய்ந்துவிடுவார். ஒருமுறை பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் நடக்கப் போனவர் அப்படித்தான் ரோட்டோரமாக உட்கார்ந்துவிட்டார். என் வீட்டுக்காரர் போய்த் தூக்கிவந்தார். ஆகவே ஊசியை வாங்கிப் பையில் வைத்த கையோடு இட்லி டப்பாவை எடுக்கப் போனேன்.

அப்போது படகு வந்தது.

நீளமான படகு. ஓரத்தில் நீலத் தார்ப்பாய். தலைக்கவசம் போட்ட நடத்துநர் படகின் விளிம்பிலேயே குரங்கு மாதிரி நடந்துவந்து ஒரு கயிற்றைத் தூணில் சுற்றினார். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்தார்கள். கூட்டம் எழுந்தால் தாம்பரத்துக்காரர்களுக்கு உடம்பு தானாகவே வேலை செய்யும். முதலில் ஒருத்தர் பாய்ந்து ஏறி இடம் பிடிக்க வேண்டும், மற்றவர் மூட்டையோடு பின்னால் வர வேண்டும். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை.

"உள்ளப் போயி உக்காந்து சாப்பிட்டுக்கலாம், வா! ரெண்டு சீட் போடுறேன்!" என்று கத்திக்கொண்டே அண்ணி குதித்து ஏறினார். அறுபது வயதுக்குப் பார்க்கப் பெருமையாக இருந்தது. கைக்குட்டையைப் பக்கத்து இருக்கையில் போட்டதைக்கூடக் கண்ணால் பார்த்தேன்.

நான் விளிம்புக்கு வந்தேன். நடத்துநர் குனிந்து, கையை நேராக என் வயிற்றுக்கு நேரே நீட்டினார். "பை! பை! பை!"

நான் ஒரு அடி பின்னால் வைத்தேன். இரண்டு கையாலும் பையை அணைத்துக்கொண்டேன். "தர மாட்டேன்!"

"பை, பை!" கையை இன்னும் நீட்டினார்.

"பையைத் தர முடியாதுய்யா!"

கயிறு அவிழ்ந்தது. படகு ஒரு உறுமலோடு போய்விட்டது. தார்ப்பாய்க்கு மேலே அண்ணியின் கிளிப்பச்சைப் புடவை கொஞ்ச நேரம் தெரிந்தது, பிறகு ஒரு பாலத்துக்கு அடியில் மறைந்தது.

அவருக்குள் ஊசி மருந்து. என்னிடம் இட்லி, மிட்டாய், இரண்டு போன். நடுவில் ஒரு ஊர்.

என் வீட்டுக்காரரிடம் என்ன சொல்வது என்று முதலில் தோன்றியதை இப்போது எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. சொந்தக்காரர் ஒருவர்கூட நம்ப மாட்டார். நாத்தனாரை வெளிநாட்டில் பட்டினியாகப் படகில் ஏற்றி அனுப்பிவிட்டுச் சாப்பாட்டோடு கரையில் நின்றேன் என்றால், 'தெரியாம நடந்துச்சா?' என்றுதான் கேட்பார்கள். நானே கேட்பேன்.

துறை வாசலில் வாழைப்பழம் சுட்டு விற்றுக்கொண்டிருந்த பெண் என்னைப் பார்த்துக் கையசைத்தாள். "மா, மா" என்றாள். யாரோ என்னை 'ம்மா' என்று கூப்பிட்டதும் அழுகை வந்துவிட்டது. காலையிலிருந்து பையைக் கேட்காத முதல் ஆள். போனேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன்: "மை சிஸ்டர்! போட்! கோயிங்! நோ ஈட்டிங்! சுகர்! சுகர்!"

நம்ம ஊரில் 'அவருக்கு சுகர்' என்றால் போதும். பஸ்ஸில்கூட எழுந்து இடம் தருவார்கள். அவள் முகம் மலர்ந்தது. ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில் சர்க்கரைப் பாகை ஊற்றி, ரப்பர் வளையம் போட்டு, என் கையில் கொடுத்தாள்.

"அய்யோ, சுகர் வேணாம்மா! சுகர்! அவங்களுக்கு சுகர்!"

இன்னொரு பையில் ஊற்றினாள்.

அந்த நேரம் பார்த்துப் பின்னால், "பை நை?"

ஆரஞ்சு சட்டை. காலையில் பார்த்தவரா, வேறு ஆளா, தெரியாது. எனக்கு எல்லா ஆரஞ்சு சட்டையும் ஒருவர்தான். வாழைப்பழக்காரி அவரிடம் என்னைக் காட்டி, படகைக் காட்டி, நெற்றியில் பொட்டு வைக்கிற மாதிரி காட்டி ஏதோ சொன்னாள். நடுவில் 'சுகர்' என்ற ஒரு சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. அவர் தலையாட்டி, ஒரு தலைக்கவசத்தை நீட்டி, வண்டியின் பின்னிருக்கையைத் தட்டினார்.

அடுத்த படகு எப்போது வரும் என்று கேட்க எனக்கு மொழி இல்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. தாம்பரத்தில் ஒருத்தர் ரயிலில் ஏறி, மற்றவர் விட்டுவிட்டால், ஏறினவர் அடுத்த நிறுத்தமான சானடோரியத்தில் இறங்கி நிற்க வேண்டும். எங்கள் பக்கத்து எல்லாக் குடும்பத்துக்கும் இதுதான் சட்டம். அண்ணி அடுத்த துறையில் இறங்கி நிற்பார். நிற்க வேண்டும்.

என் புருஷன் வண்டியைத் தவிர வேறு ஆள் வண்டியில் நான் உட்கார்ந்ததில்லை. ஒரு கையால் பின்கம்பி, மறு கையால் பை, பல்லுக்கிடையில் முந்தானை. அவர் பெரிய சாலையை விட்டு ஒரு சந்துக்குள் திரும்பினார். அது இன்னொரு சந்துக்குள் போனது. துணி காயும் கொடி, மீன் பொரிக்கும் சட்டி, படுத்திருந்த நாய். சந்து சிறுத்துக்கொண்டே வந்தது. 'சிரிச்சிகினே வர்றவன மட்டும் நம்பாத' என்று காதுக்குள் ஷேர் ஆட்டோ அண்ணன் சொல்லிக்கொண்டே வந்தார். கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். முந்தானை பறந்தது. சந்து முடிந்த இடத்தில் கால்வாய், அடுத்த படகுத்துறை.

அண்ணி இல்லை.

துறையில் கயிறு பிடிக்கும் ஆளிடம் ஆரஞ்சு சட்டை பேசினார். அந்த ஆள் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். பிறகு போனை எடுத்து யாரிடமோ பேசினார். பேச்சுக்கு நடுவே என் புடவையைத் தொட்டுக் காட்டினார், நெற்றியைக் காட்டினார், மறுபடியும் அந்தச் 'சுகர்'. யாருக்குப் போன் பண்ணுகிறான்? ஒன்று மாட்டிக்கொண்டது, இன்னொன்று பின்னால் வருகிறது என்று சொல்கிறானா? இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பையை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

ஆரஞ்சு சட்டை வண்டியைக் கிளப்பினார். இருக்கையைத் தட்டி, "பை! பை!" என்றார்.

எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்தது என்று தெரியவில்லை. "பையைத் தர மாட்டேன்யா! என்னை வேணும்னா கூட்டிகினு போ!"

ஒரு வார்த்தை புரியாமல், அவர் அதைத்தான் செய்தார்.

கடைசித் துறை. தூரத்தில் குன்று, தங்கக் கூம்பு. துறைப் பெஞ்சில் கிளிப்பச்சை. அண்ணி கண்ணைத் திறந்துதான் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வேர்வை, பொட்டு மூக்குவரை வழிந்திருந்தது. கையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் கோப்பை. அதில் செங்காவி நிறத்தில் ஏதோ. பக்கத்தில் அலுவலகம் போகிற உடையில் ஒரு பெண், ஒரு காகித உறையால் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தாள். வெளியில் ஒரு வாய் காப்பி குடிக்க டம்ளரை வெந்நீரில் கழுவச் சொல்லும் மல்லிகா அண்ணி, ஸ்ட்ராவை வாயிலிருந்து எடுக்கவே இல்லை.

"அண்ணி, என்னத்தக் குடிக்கிறீங்க? யாரு குடுத்தா?"

அந்தப் பெண் எழுந்து கை கூப்பினாள். "ஐ ஆம் நோய்" என்றாள்.

நான் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். "அய்யோ, உனக்குமா?"

"அவ பேருடி அது" என்றார் அண்ணி. குரல் மெல்லியதாக இருந்தது, ஆனால் குரல் இருந்தது. "நோய்னு பேரு. உக்காரு. முதல்ல டப்பாவைத் தொற."

திறந்தேன். ஒரு இட்லியைப் பிட்டு நானே ஊட்டினேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவருக்கு நான் ஊட்டியதில்லை. அவரும் மறுக்கவில்லை. இரண்டாவது இட்லியில்தான் கதை வெளியே வந்தது.

"சானடோரியத்துல எறங்கி நிக்கலாம்னுதான் நெனச்சேன். இந்தப் படகு எங்க நிக்குது? கயிறைப் போடுறான், எடுக்குறான். எந்திரிக்கிறதுக்குள்ள போயிடுது. இங்க வர்றப்போ கண்ணு இருட்டிகிச்சு, கை ஒதறுது. இந்தப் பொண்ணுதான் புடிச்சு எறக்குச்சு. என்னான்னு எனக்கும் சொல்ல வரல, அவளுக்கும் தெரியல. அப்ப கயிறு போடுறவன் போனைக் காதுல வெச்சிகினே வந்தான். பொடவையைப் பாத்தான், பொட்டைப் பாத்தான், 'சுகர்'னான். உடனே இவ ஓடிப்போயி இந்த டீயை வாங்கியாந்தா. பாயசம் மாதிரி கீது."

"நான் சுகர்னு சொன்னது வியாதிய, அண்ணி."

"அவங்க சர்க்கரைன்னு எடுத்துகினாங்க. தப்பா எடுத்துகிட்டதாலதான் உக்காந்து பேசுறேன்."

என் கையில் இன்னமும் அந்தச் சர்க்கரைப்பாகு இரண்டு பொட்டலம் தொங்கிக்கொண்டிருந்தது.

நோய்க்கு நல்ல ஆங்கிலம் வந்தது. அண்ணியும் அவளும் பேசிக்கொண்டார்கள். எனக்கு அண்ணி தமிழில் சொன்னார். இந்த ஊர்ப் பேச்சில் 'பை' என்றால் 'போ', 'போகலாம்' என்று அர்த்தமாம். 'பை நை' என்றால் 'எங்கே போகிறாய்?' வழியில் பார்த்தால் கேட்கிற சாதாரண விசாரிப்பு. நம்ம ஊரில் 'இன்னா, கடைக்கா?' என்று கேட்பதில்லையா, அதுபோல. 'மா' என்றால் 'வா'.

"அப்ப அந்த வாழைப்பழக்காரம்மா என்னை 'ம்மா'ன்னு கூப்பிடலையா?"

"வான்னு கூப்பிட்டிருக்கா."

அது கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

"நீயாவது பரவால்ல" என்றார் அண்ணி. "படகுக்காரன் உன்னைப் பாத்து 'பை பை'ன்னதும், நீ வரமாட்டேன்னுட்ட, அவன் உனக்கு டாட்டா சொல்றான்னு நெனச்சிட்டேன். நானும் உள்ளேருந்து கை காட்டுனேன்."

வாடகைக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டும் அந்த ஆரஞ்சு சட்டைக்காரர் கூலியை வாங்கிக்கொண்டும் போகாமல், அண்ணி சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு இட்லியை நீட்டினேன். அவர் வாங்கி, மேலேயிருந்த சிவப்புப் பொடியைப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோய் மோந்தார். என்னைப் பார்த்தார், நோயைப் பார்த்தார், மறுபடியும் இட்லியைப் பார்த்தார். காலையிலிருந்து நான் இந்த ஊரைப் பார்த்த பார்வை அது. அப்படியே ஒரு துளி மாறாமல் எனக்கே திரும்பி வந்தது. நான் சிரித்தேன். சிரித்தது அவருக்கு இன்னும் சந்தேகமாகப் போயிருக்கும். கடைசியில் கண்ணை மூடி வாயில் போட்டார். எங்கள் வீட்டுப் பொடிக்குக் கண்ணில் தண்ணீர் வராத ஆளை அன்றுதான் பார்த்தேன். இன்னொன்றுக்குக் கையை நீட்டினார்.

தங்கக் குன்றில் மெதுவாக ஏறினோம். வழியெல்லாம் மணிகள், அண்ணி ஒன்று விடாமல் அடித்துக்கொண்டே வந்தார். மேலேயிருந்து பார்த்தால் அந்த ஊர் கூரையும் மரமும் கால்வாயுமாகக் கிடந்தது. "அங்கதான் உங்கள விட்டேன்" என்றேன். "நான்தான் உன்னை விட்டேன்" என்றார். அந்த ஒரு விஷயத்தில் இரண்டு பேருமே விட்டுக்கொடுக்கவில்லை.

வெயில் தணிந்ததும் திரும்பப் படகுத்துறைக்கு வந்தோம். சந்தேகம் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். ஆரஞ்சு நிறத்தில் எது கண்ணில் பட்டாலும் என் கை பைமேல் போய்க்கொண்டுதான் இருந்தது.

படகு வந்தது. கூட்டம் எழுந்தது. உடம்பு பாயப் பார்த்தது, பிடித்து நிறுத்தினேன். தலைக்கவசக்காரர் விளிம்பில் நின்று கையை நீட்டினார். "பை! பை!"

பின்னாலிருந்து அண்ணியின் கை என் தோளில் விழுந்தது.

"பை" என்றார்.

எந்த மொழியில் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. மறுபடியும் பிரிந்தால் இட்லி அவரிடம் இருக்கட்டும். பையைக் கழற்றி அவர் தோளில் மாட்டினேன். போனேன்.